வளரும் கண்ணுக்கு ஒரு வரம்பு: கிட்டப்பார்வையைத் தணிக்கும் கண்ணாடிகள் பற்றி ஓர் ஆராய்ச்சி

இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டிலேயே கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ் அணியும் வழக்கம் இருந்ததென்றும், அது ஏன் பயன்படுகிறது என்பதை 1604இல் கெப்ளர்தான் முதன்முதலாக ஒழுங்குபட விளக்கினாரென்றும் கண்ணியல் சரித்திரம் கூறுகிறது. விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும் கிரணங்களைச் சற்றே விரியச் செய்து, பிம்பத்தைப் பின்தள்ளி, உரிய இடத்தில் விழவைப்பதே அக்கண்ணாடியின் வேலை. காரணம் தெரிந்த பின்னரும், ஏறக்குறைய 400 ஆண்டுக் காலம், கண்ணாடியிடம் மனிதன் எதிர்பார்த்தது அந்த ஒரு வேலையை மட்டுமே. கண் நீண்டால் பவரைக் கூட்டுவது, மறுபடியும் நீண்டால் மறுபடியும் கூட்டுவது என்ற முறையில், வைத்தியர் கண்ணின் வளர்ச்சியைப் பின்தொடர்ந்து சென்றாரேயன்றி அதன் முன்னே நின்று மறிக்க முற்படவில்லை. மறிக்க முடியும் என்ற எண்ணம் எவ்வாறு பிறந்தது, அந்த எண்ணத்தின்மேல் செய்யப்பட்ட கண்ணாடிகள் உண்மையில் எவ்வளவு சாதித்திருக்கின்றன, அச்சாதனையை எந்த அளவுகோலால் அளப்பது நேர்மையாகும் என்பனவே இக்கட்டுரையின் விசாரணைகள்.

கிட்டப்பார்வையைப் பவர் ஏறும் ஒரு சிறு தொல்லையாகவே பொதுமக்கள் எண்ணுகின்றனர். உடற்கூற்றின்படி அது பெரும்பாலும் விழிக்கோளம் முன்பின்னாக அளவு மீறி நீள்வதேயாகும். வளர்ந்தவர் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளமுடையது; அதில் ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பவர் கூடிவிடும். அங்ஙனம் இழுபடும் கண்ணில் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. நடுவயதுக்குப் பின் விழித்திரை பிரிதல், அதன் மையப்பகுதி சிதைதல், கண்ணழுத்த நோய் ஆகியவற்றுக்கு அம்மெலிவே வழிவிடுகிறது. ஒரு டயாப்டர் குறைத்தாலும் மையப்பகுதிச் சிதைவின் அபாயம் சுமார் 40 விழுக்காடு குறையுமென்று புலிமோர், பிரென்னன் இருவரும் 2019இல் கணக்கிட்டுக் காட்டினர். கண்ணாடி, காண்டாக்ட் லென்ஸ், லேசர் எதுவும் நீண்ட கண்ணைக் குறுக்குவதில்லை. பார்வை தெளிந்த பின்னும் கண் நீண்டபடியேதான் இருக்கும். ஆகவே, நீள்வதற்கு முன் தடுப்பது ஒன்றே வழி.

தடுக்கலாம் என்ற துணிவு பிறந்த இடம் விசித்திரமானது. கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காகக் குரங்குக் குட்டிகளின் இமைகளைத் தைத்து மூடிவைத்திருந்த வீசல், ரவியோலா என்னும் இருவர், மூடிய கண் மற்றக் கண்ணைவிட நீண்டு போயிருப்பதைக் கண்டு 1977இல் வெளியிட்டனர். மறு ஆண்டே வால்மன் முதலியோர் கோழிக்குஞ்சுகளிலும் பார்வையைத் தடைசெய்து கிட்டப்பார்வையை உண்டாக்கினர். 1988இல் ஷேஃபெல், கிளாசர், ஹௌலண்ட் மூவரும் குஞ்சுகளின் கண்ணுக்கு லென்ஸ்களையே பொருத்திப் பார்த்தபோது, பிம்பத்தை விழித்திரைக்குப் பின்னே தள்ளும் குழிலென்ஸ் அணிந்த கண் அந்தப் பிம்பத்தைத் தேடிச் செல்வதுபோல் நீண்டது. முன்னே இழுக்கும் குவிலென்ஸ் அணிந்த கண்ணோ வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டது. இவ்வளவும் மூளையின் ஆணையால் நிகழ்கிறதோ என்று ஐயுறுவோர்க்கும் விடை கிடைத்தது. பார்வை நரம்பை வெட்டிவிட்ட குஞ்சின் கண்ணும் மூடப்பட்டால் நீளவே செய்தது. விழித்திரையின் ஒரு பாதியை மட்டும் மறைத்தால் அந்தப் பாதிக்குரிய பக்கம் மட்டுமே புடைத்தது. தன் மேல் விழும் பிம்பம் முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பதை விழித்திரை தானே உணர்ந்து, தன்னைச் சூழ்ந்த சுவரின் வளர்ச்சிக்கு அங்கேயே உத்தரவிடுகிறது என்பதே இவற்றால் பெறப்படும் முடிவு. ஒரு சிறு கோழிக்குஞ்சு நமக்குக் கற்பித்த பாடங்களில் இது தலைசிறந்ததென்று சொன்னால் மிகையாகாது.

குஞ்சிடம் பலித்தது குழந்தையிடம் உடனே பலிக்கவில்லை. கிட்டப் படிக்கையில் கண் வருந்துவதே காரணமெனக் கொண்டு, கீழ்ப்பாதியில் பவர் மாறும் புரோகிரசிவ் கண்ணாடிகளை அமெரிக்காவில் 469 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். மூன்றாண்டு முடிவில், 2003இல் வெளியான கணக்கின்படி, சாதாரணக் கண்ணாடி அணிந்தோர்க்கு 1.48 டயாப்டரும் மற்றோர்க்கு 1.28 டயாப்டரும் ஏறியிருந்தன. 0.20 டயாப்டர் வேற்றுமை கணிதத்தால் மெய்யே. ஆயினும் சிகிச்சை முறையை மாற்றப் போதாது என்று சோதித்தவர்களே தீர்ப்புரைத்தனர். அந்த நேர்மையைப் பின்னால் நினைவுகூர வேண்டியிருக்கும். இதனிலும் பழைய நம்பிக்கை ஒன்றுண்டு: முழுப் பவர் கொடுத்தால் கண் பழகிவிடும், ஆதலின் சற்றுக் குறைத்துக் கொடுப்பதே நலம் என்பது. நம் வீடுகளிலும் இன்றுவரை கேட்கும் வார்த்தை இது. கோலாலம்பூரில் 94 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையில், 0.75 டயாப்டர் குறைத்து அணிவிக்கப்பட்டவர்க்கு இரண்டாண்டில் 1.00 டயாப்டரும், முழுப் பவர் அணிந்தவர்க்கு 0.77 டயாப்டரும் ஏறின. நன்மை செய்வதாக எண்ணிய சிக்கனம் தீமையாய் முடிந்தது.

வழி திறந்தது விழித்திரையின் ஓரத்தைக் கவனித்த பிறகுதான். குரங்குக் குட்டிகளின் விழித்திரை மையத்தையே அழித்துவிட்டாலும் கண்ணின் வளர்ச்சி பார்வையின் ஆணைக்கு உட்பட்டே நடக்கிறது என்பதை ஹூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் குழுவினர் 2005இல் காட்டினர். மையத்துக்குத் தெளிவான பிம்பத்தையும், சுற்றுப்புறத்துக்கு விழித்திரைக்கு முன்னே நிற்கும் மங்கல் பிம்பத்தையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் என்ன என்ற யோசனை, ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் ஹோயா நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த கண்ணாடியில் வடிவம் பெற்றது. அதன் நடுவே 9 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாதாரண லென்ஸ். அதைச் சுற்றிலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவும் 3.50 டயாப்டர் கூடுதல் பவரும் உடைய சுமார் 400 நுண்லென்ஸ்கள் தேன்கூட்டின் கண்ணறைகள்போல் பதிந்திருக்கும். எதிரே நின்று பார்ப்பவர்க்கு வேற்றுமை எளிதில் தெரியாது.

8 முதல் 13 வயது வரையுள்ள 183 பிள்ளைகளைத் தேர்ந்து, எக்கண்ணாடி யாருக்கென்று குலுக்கல் முறையில் தீர்மானித்து, இரண்டாண்டு முடிய நிலைத்திருந்த 160 பேரின் அளவுகளைக் கொண்டு வரையப்பட்ட முடிவு இது: புதிய கண்ணாடி அணிந்தோர்க்கு 0.41 டயாப்டர், சாதாரணக் கண்ணாடி அணிந்தோர்க்கு 0.85 டயாப்டர்; கண்ணின் நீட்சி முறையே 0.21, 0.55 மில்லிமீட்டர். முன்னவருள் 21.5 விழுக்காட்டினர்க்குப் பவர் ஏறவே இல்லை. பின்னவருள் அத்தகையோர் 7.4 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில் சாதாரணக் கண்ணாடிப் பிள்ளைகளையும் புதியதற்கு மாற்றியபோது அவர்களுடைய ஏற்றமும் தணிந்தது. மருந்தை மாற்றினால் பலனும் மாறுகிறதென்ற இந்தச் சாட்சியமே, என் கருத்தில், முதலிரண்டு ஆண்டுக் கணக்கைவிட வலியது.

இனி விவாதத்துக்குரிய இடத்துக்கு வருவோம். மேற்கண்ட முடிவை உலகம் அறிந்தது ‘52 விழுக்காடு தணிவு’ என்ற உருவத்திலேயே. அந்த எண் பொய்யன்று. ஆனால் அதைக் கேட்கும் பெற்றோர், பிள்ளையின் கிட்டப்பார்வை பாதியாகக் குறையும் என்றோ, ஆண்டுதோறும் பாதி பாதியாய்த் தணிந்துகொண்டே போகும் என்றோ எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் கிடைத்தது இரண்டாண்டில் 0.44 டயாப்டர், 0.34 மில்லிமீட்டர். இவ்வகைச் சாதனங்களின் பலன் முதலாண்டில் மிகுந்தும் பின்னர்க் குறைந்தும் வருவது வழக்கம்; ஆதலின், ஓராண்டு விழுக்காட்டைப் பத்தாண்டுக்கு நீட்டிக் கணக்கிடுதல் கூடாது என்று பிரென்னன் முதலியோர் 2021இல் எச்சரித்தது சாலப் பொருந்தும். அமெரிக்கச் சோதனையின் 0.20 டயாப்டரையும் விழுக்காட்டில் சொன்னால் 14 என்று வரும். அப்படிச் சொல்லி விற்பனை செய்ய அந்த ஆராய்ச்சியாளர் முற்படவில்லை. மெதுவாக ஏறும் பிள்ளைக்கு 52 விழுக்காடு மிகச் சிறிய லாபம்; ஏழெட்டு வயதிலேயே விரைந்து ஏறும் பிள்ளைக்கோ அதே விழுக்காடு பெருஞ்செல்வம். விழுக்காடு இவ்விருவரையும் ஒன்றாக்கி மறைக்கிறது, மில்லிமீட்டர் மறைப்பதில்லை.

சித்தாந்தமும் இன்னும் முடிந்த முடிபு ஆகவில்லை. ஓரப் பிம்பத்தை முன்னே நிறுத்துவதுதான் மருந்து என்று கொண்டால், அவ்வாறு எதையும் நிறுத்தாமல், சிறு புள்ளிகளால் ஒளியைச் சிதறச் செய்து பிம்பத்தின் வெளிச்சம்-இருள் வேற்றுமையை மட்டும் தணிக்கும் இன்னொரு கண்ணாடியும் 2022இல் வெளியான ஆராய்ச்சியில் பலன் தந்ததை எவ்வாறு விளக்குவது? மற்றொரு பக்கம், அமெரிக்காவில் 294 பிள்ளைகளிடம் நடந்த காண்டாக்ட் லென்ஸ் சோதனையில், கூடுதல் பவர் 2.50 டயாப்டர் உடையது பலனளிக்க, 1.50 உடையது அவ்வளவாகப் பலனளிக்கவில்லை. இது முதற்கொள்கைக்குச் சாதகம். கருவி வென்றதனால் அதன் பின்னுள்ள விளக்கமும் வென்றதாகாது. இரவில் அணிந்து கருவிழியைத் தட்டையாக்கும் லென்ஸ், 2019 நவம்பரில் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற ஒருநாள் காண்டாக்ட் லென்ஸ் முதலிய பிற சாதனங்களுக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். தனித்தனியே விரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: கண்ணின் மேலேயே அமரும் எச்சாதனமும் கிருமித்தொற்றின் அபாயத்தைச் சிறிதேனும் சுமந்தே வரும், மூக்கின்மேல் அமரும் கண்ணாடிக்கு அது இல்லை.

கண்ணாடி எவ்வளவு நுண்ணியதாயினும் பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை. நாள் முழுதும் அணிந்தவர்க்கே பலன் மிகுந்ததாகச் சீனத்து வென்சோவில் நடந்த நுண்லென்ஸ் சோதனையும் காட்டியது. கண்ணாடியன்றி வேறு வழியும் உண்டு. குவாங்சோவில் பள்ளி நேரத்தோடு நாள்தோறும் 40 நிமிஷ வெளிவாசத்தைச் சேர்த்த பள்ளிகளில், மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை உண்டானோர் 30.4 விழுக்காடாகவும், சேர்க்காத பள்ளிகளில் 39.5 விழுக்காடாகவும் இருந்ததும் 2015இல் வெளிவந்த செய்தியே. வெயிலுக்கு விலையில்லை; கண்ணாடிக்கு உண்டு. ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்து, விரைந்து ஏறிக்கொண்டிருக்கும் இளம்பிள்ளைக்கு அந்த விலை தகும் என்பதே என் முடிபு; எல்லாப் பிள்ளைக்கும் தகும் என்று சொல்ல இப்போதுள்ள ஆதாரம் இடந்தரவில்லை.

இக்கண்ணாடிகளை எழுதிக்கொடுக்கும் வைத்தியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விழுக்காட்டைப் பெற்றோரிடம் சொல்வதை விட்டு, அணிவதற்கு முன்னும், அணிந்த பின் ஆறு மாதத்துக்கொருமுறையும், அந்தப் பிள்ளையின் கண் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, சீட்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள்.