கைநாட்டும் சம்மதமும்

ஊவா மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றிலே, ஒரு காகிதத் துண்டு பெரும் அதிகாரம் செலுத்திய காலம் ஒன்று இருந்தது. பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை மலைச்சரிவுகளில் முதலிற் கோப்பியும், அதனை இலைநோய் அழித்தபின் தேயிலையும் பயிராயின. அங்குக் கங்காணிமார் வழியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கடனோடு வந்தனர். கடன்தொகையைத் தீர்க்கும் வேறொரு தோட்டத்துக்கு அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்கே ‘துண்டு’ என்று பெயர். எழுதியவர் துரை; எடுத்துச் சென்றவர் கங்காணி. யாரைக் குறித்து எழுதப்பட்டதோ, அவருட் பெரும்பாலோர்க்கு அதனைப் படிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும், படிக்கவியலாத தாளிற் பெருவிரலைப் பதிக்கும் வழக்கம் அவ்வாண்டோடு ஒழிந்துவிடவில்லை.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென இலங்கையில் 1872ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. மருந்து கொடுக்கவேண்டும் என்பது அன்றே ஏற்கப்பட்டது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துரைக்கவேண்டும் என்னும் எண்ணமோ வைத்திய உலகில் மெல்லவே வேரூன்றியது. அதனை வேரூன்றச் செய்ததில் கதிர்ச் சிகிச்சைக்கும் ஒரு பங்கு உண்டு.

1895இல் ஜெர்மானிய அறிஞர் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். புற்றை அழிக்கும் ஆற்றல் அக்கதிர்களுக்கு உண்டென்பது விரைவில் தெரியவந்தது. நலமான தசையையும் அவை சுடும் என்பதும் உடன் தெரியவந்தது. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் சிறைமுகாம்களிலே கைதிகள்மீது எக்ஸ் கதிர்ச் சோதனைகளும் நடந்தன. அக்கொடுமைகளின்பின் 1947இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறி, சோதனைக்கு உட்படுவோரின் விருப்பச் சம்மதத்தையே முதல் விதியாக வைத்தது.

சோதனைக்கு மட்டுமா சம்மதம்? சிகிச்சைக்கு வேண்டாவா? இவ்வினாவுக்கு 1960இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநில உயர் நீதிமன்றம் விடை கூறியது. இர்மா நாட்டன்சன் என்னும் பெண்மணி மார்பகப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டபின் கோபால்ட் கதிர்ச் சிகிச்சை பெற்றார்; மார்பு கடுமையாகச் சுடப்பட்டது. வரக்கூடிய தீங்கு தமக்கு உரைக்கப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தார். நோயின் தன்மை, சிகிச்சையின் தன்மை, பலிக்கும் வாய்ப்பு, மாற்று வழி, வரக்கூடிய தீங்கு ஆகியவற்றை நோயாளிக்கு எத்துணை எளிமை தேவையோ அத்துணை எளிய மொழியில் வைத்தியர் விளக்கக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் கூறியது.

அவ்வெளிய மொழி ஊவாவுக்கு எத்துணை இன்றியமையாதது! இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்று. மலைக்குளிரில் வேலைக்கிடையே வெற்றிலை போடும் பழக்கம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளது. பாக்கே புற்றுநோய்க்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூல் உரைக்கிறது. வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை, பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு ஏழு வாரம் நடக்கும். வாய் புண்ணாகும், உமிழ்நீர் வறளும், சுவை குன்றும். கெட்ட பற்களை முன்னரே களையவேண்டியிருக்கும். இல்லையேல் பின்னர்த் தாடையெலும்பே கெடவும் கூடும். கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெறும் இளம்பெண் பின்னர்க் கருத்தரிக்க இயலாது. இவற்றை முன்னரே அறிந்தவர் தாங்கிக்கொள்வர். அறியாதவரோ, புண் கண்டதும் நோய் முற்றிவிட்டதென அஞ்சி, பாதியிலே லயத்துக்குத் திரும்பிவிடக்கூடும். பாதியில் நின்ற சிகிச்சை புற்றுக்கே வாய்ப்பளிக்கும். நாட்பேருக்கு உழைப்பவர், எத்தனை நாட்பேர் இழக்கநேரும், வீட்டில் அடுப்பெரிவது எவ்வாறு என்பதையும் எண்ணியே முடிவு செய்யவேண்டியவராவர்.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆகவே தம் மொழியில் விளக்கம் கேட்பது தோட்டத்து மக்கள் இரக்கும் சலுகையன்று, உரிமை. அவ்விடத்திலே தமிழறிந்த தாதியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும். உடன்வந்த மகன் சிறுவனாயின், தாயின் கருப்பையைப் பற்றி அவன் எவ்வாறு மொழிபெயர்ப்பான்? கணவன் இட்ட ஒப்பமும், தன்னுணர்வுள்ள மனைவியின் சம்மதம் ஆகாது. வேண்டாம் என்று மறுக்கவும், முன்னர் இசைந்ததைப் பின்னர் மாற்றவும் நோயாளிக்கு உரிமை உண்டு.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணிய வள்ளுவர், நோயுற்றவரையே முதலில் வைத்தார். வைத்தியரை அடுத்து வைத்தார். கைநாட்டு இடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. கேட்டுணர்ந்து இட்ட கைநாட்டு, படித்திட்ட கையொப்பத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கேளாது இட்ட கைநாட்டோ, நூறாண்டுக்கு முன் ஒழிந்த துண்டு வைத்தியசாலை வழியாக மீண்டு வந்ததே ஆகும்.