வெள்ளை யானையில் ஒருவர், ஹெலிகாப்டரில் நாம்



போன மாதம் திண்டிவனத்தில் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்துத் தெருவில் யாரோ கேதார்நாத் போய்வந்து பிரசாதம் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆயாவுக்கு ஒரே பேச்சுதான். "ஹெலிகாப்டர்ல பத்து நிமிஷந்தானாம். பனிமலையெல்லாம் கிட்டக்க தெரியுமாம். என்னையும் கூட்டிகினு போடா!"

சரி என்று சொல்லிவிட்டு விவரம் தேட உட்கார்ந்தேன். தேடப் போனது டிக்கெட் விலை, சிக்கியது சரித்திரம். :)

முதலில் நம்மூர்க் கதை. சுந்தரர் பிறந்த திருநாவலூர் 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டம்தான் (இப்போது கள்ளக்குறிச்சி). கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து கல்யாணத்தை நிறுத்தி, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடிய திருவெண்ணெய்நல்லூர் இன்றும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுந்தரர் கேதாரத்தின் மீது ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ஆனால் கேதாரத்துக்குப் போய் அல்ல, காளஹஸ்தியில் இருந்தபடியே! சம்பந்தரும் அப்படியே. வடநாட்டுத் தலங்களைக் காளஹஸ்தியில் நின்று நினைத்துப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். நடந்தே கயிலைக்குப் புறப்பட்ட அப்பருக்கோ கால் தேய்ந்து, கை தேய்ந்து, கடைசியில் உருண்டு போகவேண்டிய நிலை. அவரைத் திருவையாற்றுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் இறைவன். சுந்தரர் மட்டும் முடிவில் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை ஏறி வான்வழியாகக் கயிலை போனாராம். நம் மாவட்டத்திலிருந்து பனிமலைக்குப் பறந்த முதல் பயணி அவர்தான் என்று நான் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டீர்களே?

இனி இயந்திர யானை. மலை உயர உயரக் காற்று மெலிந்துவிடும். விசிறிக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினும் திணறும். அதனால் சாதாரண ஹெலிகாப்டருக்கு உயரமான பனியாறுகள் பக்கம் போவது கடினம். இந்திய ராணுவத்தின் தேவைக்காகவே பிரான்ஸில் 'லாமா' என்ற ஹெலிகாப்டரை வடிவமைத்தார்கள். 1969-ல் அது இமயமலையில் 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி ஏறிக் காட்டியது. 1972-ல் ஜான் புலே என்ற விமானி அதில் 12,442 மீட்டர் வரை போனார். மேலே எஞ்சின் அணைந்துவிட்டது! சுழலும் விசிறியை மட்டும் நம்பிப் பத்திரமாகத் தரையிறங்கினார். அதே லாமாவைத்தான் ஹெச்.ஏ.எல். நிறுவனம் 'சீட்டா' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. அதன் அண்ணன் 'சேட்டக்' 1978 அக்டோபரில் சியாச்சின் பனியாற்றில் இறங்கியது. 1984 ஏப்ரல் 13-ல் ஆபரேஷன் மேகதூத்தில் ஹெலிகாப்டர்களில்தான் வீரர்களை மேலே இறக்கினார்கள். ஆக, வேடிக்கை பார்க்க அல்ல, எல்லை காக்கத்தான் நம் ஹெலிகாப்டர்கள் பனியாறு ஏறின. நியூசிலாந்தில் கதையே வேறு. அங்கே 1955-லேயே ஹாரி விக்லி பனிச்சறுக்குக் கால் பொருத்திய குட்டி விமானத்தை டாஸ்மன் பனியாற்றில் இறக்கினார், சுற்றுலாவுக்காக!

கேதார்நாத் கோயில் இருப்பது சுமார் 3,580 மீட்டரில். அதற்குப் பின்னால் சோராபாரி பனியாறு. டேராடூன் வாடியா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், பாறைகளில் படர்ந்த பாசிக்காளானின் வளர்ச்சியை அளந்து, அந்தப் பனியாறு 1748 வாக்கில்தான் பின்வாங்கத் தொடங்கியது என்று கணக்கிட்டார்கள். அதற்கு முன் சுமார் 400 ஆண்டுகள் கோயிலே பனிக்குள் இருந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து. நம்ப முடிகிறதா?

2013 ஜூன் 17 காலை, மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்து சில நிமிடங்களில் வடிந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. கோயிலுக்குப் பின்னால் உருண்டு வந்து நின்ற ஒரு பெரும்பாறை வெள்ளத்தை இரண்டாகப் பிரித்ததால் கோயில் தப்பியது. அப்போது ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது ஹெலிகாப்டர்கள்தான். அந்தப் பணியிலேயே ஜூன் 25-ல் விமானப்படையின் எம்.ஐ.-17 ஒன்று விழுந்து 20 பேர் இறந்தார்கள். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.

2022 அக்டோபர் 18-ல் கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் மலையில் மோதி 7 பேர் இறந்தார்கள். அதில் மூவர் சென்னைக்காரர்கள். 2025 ஜூன் 15-ல் இன்னொன்று, மறுபடியும் 7 பேர், அதில் ஒரு குழந்தை. குறுகிய பள்ளத்தாக்கு, நிமிடத்தில் இறங்கும் மேகம், கண்ணால் பார்த்தே ஓட்டவேண்டிய நிலை, அடுத்த நடைக்குக் காத்திருக்கும் கூட்டம். இத்தனையும் சேர்ந்த இடத்தில் பத்து நிமிடம் என்பது சின்ன நேரம் இல்லை. டிக்கெட் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் போடலாம். என் பயம் டிக்கெட்டைப் பற்றியது இல்லை.

சோன்பிரயாகிலிருந்து 12.9 கி.மீ.க்கு ரோப் கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 36 நிமிடத்தில் மேலே போய்விடலாமாம். அது வரட்டும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் ஆயாவிடம் சொன்னேன். விபத்துகளையும் மறைக்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டது.

"சுந்தரரு காளஹஸ்தியில இருந்துகினேவா பாடினாரு?"

"ஆமா ஆயா."

"அப்ப மொதல்ல அங்க போய் வந்துடலாம். பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு பாரு."