இது யார் வழி வந்தது?

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இது யார் வழி வந்தது?" பெரும்பாலும் தாயைத்தான் கைகாட்டுவார்கள்.

1879-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனை. வலிப்பால் அவதியுற்று இறந்துபோன 15 வயதுப் பெண்ணின் மூளையை ஆராய்ந்தார் டாக்டர் பூர்ன்வில். மேற்பரப்பில் ஆங்காங்கே வெளிறிய, கிழங்கு போல் இறுகிய திட்டுகள். 'டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கிழங்குகள் கருவிலேயே உருவாகிவிடுகின்றன. பொதுவாக, நரம்பணுக்கள் மூளையின் உள்ளறை ஓரத்தில் பிறந்து, மேல்நோக்கி நகர்ந்து, அடுக்கடுக்காக அமரும். இந்நோயில் சில அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, அடுக்குக் குலைந்து நின்றுவிடுகின்றன. இதற்குக் காரணமான இரண்டு மரபணுக்கள் 1993-லும் 1997-லும் கண்டறியப்பட்டன. "வளர்ந்தது போதும்" என்று அணுவுக்குக் கட்டளையிடுவது அவற்றின் வேலை. ஆக, கட்டி வராமல் தடுப்பதும் மூளையை ஒழுங்காக வளர்ப்பதும் அதே மரபணுக்கள்தாம்! மருத்துவம் படிக்காத என்னை இது வியக்க வைத்தது.

அந்தக் கட்டளை பழுதானால் மருந்தால் ஓரளவு ஈடுசெய்யலாம். 2010-இல் அமெரிக்கா, எவரோலிமஸ் என்ற மருந்தை இந்நோயின் ஒருவகை மூளைக் கட்டிக்கு அனுமதித்தது. அதன் மூலம், ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர்.

சரி, யார் வழி வந்தது? தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் பெற்றோருக்கு இந்நோயே கிடையாது. மரபணு மாற்றம் அந்தப் பிள்ளையிடம்தான் புதிதாக நேர்ந்திருக்கிறது.