நீர்க்குழாய் உறைதல்

குளிர்ப் பிரதேசங்களில், பனிக்காலத்து இராத்திரிகளில், வீட்டுக் குழாயிலுள்ள ஜலம் கட்டியாக இறுகிக் குழாயையே பிளந்துவிடும் உபத்திரவம். உறையும் ஜலத்தின் கனபரிமாணம் ஏறக்குறைய 9 சதவீதம் விருத்தியடைகிறது. ஆயினும் குழாயைப் பெரும்பாலும் வெடிக்கச் செய்வது, பலரும் எண்ணுவதுபோல் பனிக்கட்டியின் நெருக்குதலன்று, அக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் இடையே சிக்குண்ட ஜலத்தின் அழுத்தமேயாம். ஆதலின் திருகைச் சற்றே திறந்து ஜலத்தை ஒழுகவிடுவதும், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களுக்கு வெப்பங்காக்கும் உறை சுற்றுவதும் உசிதமான உபாயங்கள். டிசம்பர் 21 முதல் 40 நாள் நீடிக்கும் 'சில்லை கலான்' கடுங்குளிரில், ஸ்ரீநகரவாசிகள் உறைந்த குழாயினடியில் நெருப்பு மூட்டுவதுண்டு, அபாயகரமான வழக்கம். திருகைத் திறந்துவைத்து, வெந்நீரில் நனைத்த துணியைத் திருகுப் பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு போவதே சிலாக்கியம். குழாய் வெடித்துவிட்டால் முதற்காரியம் பிரதான வால்வை மூடுவது.