பட்டம் அரண்மனையின் பழைய பென்ஸ்

திருவனந்தபுரத்தில் சி.ஏ.என். 42 என்ற பதிவெண் ஒரு மனிதரின் அடையாளமாகவே விளங்கியது. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் இளவல் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013), 1950களில் வாங்கிய மெர்சிடிஸ்-பென்ஸ் 180 ரகக் காரை இறுதிவரை கைவிடவில்லை. அது 23 லட்சம் மைல் ஓடியதாகவும், புதிய கார் தர நிறுவனமே முன்வந்தும் அவர் இணங்கவில்லை என்றும் நாளிதழ்கள் எழுதின.

இதை அரசகுலத்தின் பழமைப் பற்று என்று மட்டும் கொள்வது போதாது. 1953-இல் சுங்கவரி ஆணையம் அளித்த பரிந்துரைக்குப் பின், பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி மட்டும் விற்ற நிறுவனங்களுக்கு இந்தியாவில் இடமில்லாது போயிற்று. 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் ஆலையை மூடியது, ஃபோர்டும் வெளியேறியது. செவர்லேயோ பென்ஸோ, அயல்நாட்டுக் கார் வைத்திருந்தோர் பெரும்பாலோருக்குப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று.

1971-இல் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. சமஸ்தான வாகனங்கள் பல கைமாறின. பட்டம் அரண்மனைக் கார் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியத் தொழிற்கொள்கையின் வரலாற்றை ஆலைகளையும் உரிமங்களையும் கொண்டு மட்டும் எழுதிவிட இயலாது. கிடைக்காத உதிரிபாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்த கைகளுக்கும் அதில் பங்குண்டு.