நீடாமங்கலத்தில் நடை: சத்திரம் முதல் நலநடை வரை

நீடாமங்கலம் திருவாரூர் மாவட்டத்திலுள்ள பேரூர். வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு இதன் அருகில் உள்ளது. மராத்தியர் காலத்தில் இவ்வூருக்கு யமுனாம்பாள்புரம் என்றும் பெயர். அரச குடும்பத்தைச் சேர்ந்த யமுனாம்பாளின் பெயரில் இங்கு ஒரு சத்திரமும் இருந்தது. கால்நடையாக வரும் யாத்திரிகர்களுக்குச் சோறும் தங்க இடமும் தருவதே இத்தகைய சத்திரங்களின் பணி.

1861-62இல் நாகப்பட்டினம்–திருச்சி இருப்புப்பாதை வந்தபின் நெடுந்தூர நடை குறைந்தது. ஆயினும் 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாக நடந்தே வேதாரணியத்தை அடைந்தனர். அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தும் மக்கள் உதவினர்.

அன்றாட உழைப்போ வயலில் இருந்தது. நாற்றுப் பறித்தல், நடவு, களையெடுப்பு, அறுவடை, கட்டுகளைத் தலையில் சுமந்து களம் சேர்த்தல், போரடித்தல் எல்லாமே உடலால் செய்யப்பட்டவை. பெரும்பாலும் நிலமற்ற குடும்பங்களின் உழைப்பு இது. நடவும் களையும் பெண்களின் வேலை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் முதுகொடியும் வேலை குறைந்தது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் கூலி நாள்களும் கூடவே குறைந்தன.

இழந்த உடலசைவை மீட்கத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டு நடை. டோக்கியோவில் கண்ட நடைபாதையே இதற்கு முன்மாதிரி. 8 கி.மீ. ஏறத்தாழ 10,000 அடிகள். இந்த எண்ணும் ஜப்பானிலிருந்து வந்ததுதான்: 1965இல் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து அன்று. அதற்குக் குறைவான அடிகளிலும் பயன் உண்டெனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது சிற்றூர்வாசிக்கு எட்டாத தொலைவு. அவருக்கு அருகிலிருப்பது ஆற்றங்கரையும் வாய்க்கால் வரப்பும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. வயல்வேலை, வீட்டுவேலை, போக்குவரத்து நடை அனைத்தும் அதில் சேரும். நடவுக்குச் செல்லும் பெண் அந்த அளவை ஒரே நாளில் தாண்டிவிடுவார். ஆனால் அந்த வேலை ஆண்டில் சில வாரங்களே கிடைக்கிறது.