யாரோடு ஆடினீர்கள்?

1859 ஜூலை 1 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்ட் நகரில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் பேஸ்பால் ஆடின. இரண்டு அமெரிக்கக் கல்லூரிகள் இந்த ஆட்டத்தில் மோதியது அதுவே முதல் தடவை. ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. இன்றைய ரசிகருக்கு இது கிரிக்கெட் ஸ்கோர் போலத் தோன்றும். அன்றைய விதிகள் வேறு. பேஸ்பால் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது இன்னொரு செய்தி. அதே பயணத்தில் இரண்டு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின. அதிலும் ஆம்ஹர்ஸ்ட்டே வென்றது.

அன்று மாலை எந்த அணி பெரிது என்று யாரும் சண்டை போட்டிருக்க வழியில்லை. இருந்ததே இரண்டு அணிகள். நேருக்கு நேர் ஆடித் தீர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது அணி வரும்போதுதான் வம்பு ஆரம்பம். இன்று முதல் பிரிவில் ஏறக்குறைய 300 கல்லூரி அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பருவத்தில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள் ஆடலாம். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மே மாதக் கடைசியில் யாராவது உட்கார்ந்து 64 பேரைப் பொறுக்கியாக வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் முதுகலை படிக்க நான் போய் இறங்கியது லூயிசியானாவில். அமெரிக்காவின் பிற இடங்களில் கல்லூரி பேஸ்பாலுக்கு நூறு பேர் வந்தால் அதிசயம். அங்கே ஆயிரக்கணக்கில் வருவார்கள். மைதானத்துக்கு வெளியே பெரிய அண்டாவில் ஜம்பலாயா வேகும். நம் ஊர் குஸ்காவுக்கு அது தூரத்துச் சொந்தம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த அண்டாவைச் சுற்றி நின்ற மனிதர்களிடம்தான் இந்த ஆட்டத்தின் உண்மையான வாதத்தைக் கேட்டேன். வடக்கே ஏதோ ஒரு கல்லூரி 40 ஆட்டம் வென்றிருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், உடனே பதில் வரும்: "ஜெயிச்சது சரி, யாரோட ஆடினாங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. தென் மாவட்டத்துச் சிறிய கல்லூரி ஒன்றில் முதலிடம் வாங்கியவன் நான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தபோது என் 82 விழுக்காட்டை அவர்களால் எதோடும் ஒப்பிட முடியவில்லை. அந்தக் கல்லூரியில் 82 என்றால் என்ன? வகுப்பில் மற்றவர்கள் எப்படி? வினாத்தாள் கடினமா? ஜிஆர்இ தேர்வு என்பது வேறொன்றுமில்லை, எல்லோரையும் ஒரு நாள் பொது மைதானத்தில் ஆடவைத்துப் பார்ப்பது. நம் பிள்ளைகள் இன்று பள்ளியில் சந்திப்பதும் இதைத்தான். ஏபி வகுப்பில் 'பி' வாங்குவது மேலா, சாதாரண வகுப்பில் 'ஏ' வாங்குவது மேலா என்று சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டைக்கு அட்டவணைச் சண்டை என்றே பெயர் வைக்கலாம்.

தொடக்கத்தில் கல்லூரி பேஸ்பால் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டது. 1947-இல் முதல் கல்லூரி உலகத் தொடர் மிச்சிகனின் கலமசூவில் நடந்தது. கலிஃபோர்னியா, யேலை வென்றது. யேலின் முதல் பேஸில் நின்ற இளைஞர் பிற்காலத்தில் அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1950-இல் தொடர் நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குப் போனது, இன்றுவரை அங்கேதான். அந்நாட்களில் நாட்டை எட்டு மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டத்துக்கு ஓர் அணி என்று அனுப்பினார்கள். எந்த மாவட்டம் வலியது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, புவியியலே நியாயம். அதனால்தான் பனி கொட்டும் மாசசூசெட்ஸிலிருந்து ஹோலி கிராஸ் போய் 1952-இல் கோப்பையைத் தூக்க முடிந்தது. அதற்கும் வடக்கே, கனடாவை ஒட்டிய மெய்ன், 1981 முதல் 1984 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஒமாஹா சென்றது. பிப்ரவரியில் மெய்ன் மாநில மைதானத்தில் நடக்கவே முடியாது என்பதை அங்கே குளிர்காலம் கழித்த வாசகர் யாரும் ஒப்புக்கொள்வார்.

தொடர் பெருக்கப் பெருக்க, தேர்வுக் குழுவின் அதிகாரமும் பெருத்தது. 1999-இல் 64 அணிகள் ஆயின. அவற்றில் ஏறக்குறைய பாதி, தத்தம் கான்ஃபரன்ஸில் வென்று தாமாக வருபவை. மீதியைக் குழு பொறுக்குகிறது. பொறுக்குவதற்கு எண் வேண்டும். அது கூடைப்பந்திலிருந்து வந்தது: 1981-இல் உருவாக்கப்பட்ட ஆர்பிஐ.

இதன் செய்முறை எளிது. உங்கள் வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50. எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. அதாவது உங்களைப் பற்றிய மதிப்பெண்ணில் முக்கால் பங்கு நீங்கள் செய்யாத காரியங்களுக்கு. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. 50 ஆட்டத்தில் 30 வென்ற ஓர் அணி. அதன் எதிரணிகளின் சராசரி வெற்றி விகிதம் 0.500. அடுத்த நாள், பத்துக்கு இரண்டு மட்டுமே வெல்லும் ஒரு நோஞ்சான் அணியை அது தோற்கடிக்கிறது. சொந்தக் கணக்கில் கிடைப்பது 0.0020. எதிரணிச் சராசரி இறங்குவதால் இழப்பது 0.0029. மூன்றாவது பகுதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வென்றதற்காக அணி கீழே போகிறது. மாறாக, பத்துக்கு எட்டு வெல்லும் பலசாலி அணியிடம் தோற்றால்? சொந்தக் கணக்கில் போவது 0.0029, எதிரணிக் கணக்கில் வருவதும் அதே 0.0029. தோல்வி இலவசம்.

இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களுக்கு முனைவர் பட்டம் தேவைப்படவில்லை. பருவத்தின் கடைசி வாரங்களில், செவ்வாய்க்கிழமை ஆட்டம் 'மழையால்' ரத்தாவதும், அந்த ஊரில் அன்று வெயில் காய்வதும் ரசிகர்களிடையே பழைய கேலி. வார இறுதியில் மூன்று ஆட்டம் கான்ஃபரன்ஸுக்குள். வார நடுவில் ஓர் ஆட்டம் பக்கத்து ஊர்ச் சிறிய கல்லூரியோடு. அந்தச் சிறிய கல்லூரிக்கு ஆண்டிலேயே பெரிய நாள் அதுதான். அதை ரத்து செய்வதுதான் பெரிய அணிக்கு லாபம் என்று ஒரு சூத்திரம் சொல்லுமானால், சூத்திரத்தில்தான் கோளாறு.

வடக்கத்தியர்களின் மனக்குறை வேறு. பனி உருகும்வரை அவர்களுக்குச் சொந்த மைதானம் இல்லை. பிப்ரவரி நடுவிலிருந்து பேருந்திலும் விமானத்திலும் தெற்கே போய், பிறர் ஊரில், பிறர் கூட்டத்தின் முன் ஆடவேண்டும். அந்தத் தோல்விகள் மே வரை துரத்தும். 2013-இல் ஒரு திருத்தம் வந்தது: வெளியூர் வெற்றி 1.3 ஆகவும் உள்ளூர் வெற்றி 0.7 ஆகவும் எண்ணப்படும். தோல்விக்கு இதன் தலைகீழ். கூடைப்பந்து 2018-இல் ஆர்பிஐயையே கைவிட்டு வேறு கணக்குக்குப் போய்விட்டது. பேஸ்பால் அப்போதும் அதை விடவில்லை.

இவ்வளவுக்கும் இந்தப் புதிருக்குக் கல்லூரிப் பேஸ்பால் தொடர் தொடங்கும் முன்பே விடை தேடியவர்கள் இருந்தார்கள், சதுரங்கத்தில். 1895-இல் எட்மண்ட் லாண்டாவ், பிற்காலத்தில் எண் கோட்பாட்டில் பெரும்பெயர் எடுத்தவர், தன் பதின்பருவத்தின் இறுதியில், போட்டி முடிவுகளை மதிப்பிடுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வலுவானவரை வென்றால் அதிக மதிப்பு. ஆனால் யார் வலுவானவர்? வலுவானவர்களை வென்றவர். பாம்பு தன் வாலைக் கவ்வுகிறது. அந்த வட்டத்தை உடைக்காமல், அதையே ஒரு சமன்பாடாக எழுதித் தீர்ப்பதுதான் வழி. 1929-இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ நிகழ்தகவு வழியே இதை அணுகினார். 1924 நியூயார்க் போட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கூகுளின் பேஜ்ரேங்க் வேலை செய்வதும் இந்த வாலைக் கவ்விய பாம்பின் தத்துவத்தில்தான்: முக்கியமான பக்கங்கள் சுட்டும் பக்கமே முக்கியமானது.

செர்மெலோ ஒரு நிபந்தனை விதித்தார். ஆடுகிறவர்களை எப்படி இரண்டு கூட்டமாகப் பிரித்தாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் மற்றக் கூட்டத்தாரை ஒரு தடவையாவது வென்றவர் ஒருவர் இருக்கவேண்டும். இல்லையென்றால் கணக்கு தீராது. கல்லூரி பேஸ்பாலின் நோய் இந்த ஒரு வரியில் இருக்கிறது. கான்ஃபரன்ஸ்கள் தீவுகள். தீவுக்குள்ளே எல்லோரும் எல்லோரோடும் ஆடுகிறார்கள். தீவுக்கும் தீவுக்கும் இடையே பாலம் குறைவு. பிப்ரவரியில் பெற்ற நாலைந்து முடிவுகளைக் கொண்டு ஒரு தீவு முழுவதன் உயரமும் நிச்சயிக்கப்படுகிறது. ஒரு தடவை உயரம் கிடைத்துவிட்டால், உள்ளுக்குள் தோற்பதும் நல்ல தோல்வியாகிவிடும். 2025-இல் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 13 பேருக்கு இடம் கிடைத்தது.

அந்த 13 சரியா தவறா? நான் லூயிசியானாக்காரர்களோடு சேர்ந்து ஜம்பலாயா தின்றவன், என் பக்கச்சார்பைக் கணக்கில் கொள்ளுங்கள். அந்த ஆண்டு கோப்பையை வென்றது எல்எஸ்யு, அந்தத் தீவின் அணிதான். அதே ஆண்டு, முதல் தரவரிசை பெற்ற வாண்டர்பில்ட்டும் இரண்டாவதான டெக்சஸும் தத்தம் ஊரில் நடந்த முதல் சுற்றுக் குழுவிலேயே வெளியேறின. கென்டக்கியின் மர்ரே ஸ்டேட், நால்வர் குழுவில் நாலாவதாக வைக்கப்பட்ட அணி, மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஓல் மிஸ்ஸைக் கடந்து ஒமாஹா போனது. ஓல் மிஸ் மட்டும் என்ன? 2022-இல் குழு கடைசியாகச் சேர்த்துக்கொண்ட அணி என்ற நிலையில் நுழைந்து, கோப்பையோடு திரும்பியது. ஒரு குழுவில் நாலாவதாக வைக்கப்பட்டு 2008-இல் கோப்பையையே வென்ற ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் பருவக் கணக்கு 47 வெற்றி, 31 தோல்வி. கான்ஃபரன்ஸ் போட்டியை வென்றதால் கதவு திறந்த அணி அது.

இவற்றில் எனக்குப் பிடித்தது 2016-இன் கோஸ்டல் கரோலைனா. பிக் சௌத் என்ற சிறிய கான்ஃபரன்ஸில் ஆடியவர்கள். எல்எஸ்யுவின் ஊரான பேட்டன் ரூஜுக்கே வந்து இரண்டு ஆட்டத்தையும் வென்றார்கள். என் நண்பர்கள் ஒரு வாரம் துக்கம் காத்தார்கள். பிறகு ஒமாஹாவில் அரிசோனாவை 4-3 என்று முடித்தது ஜூன் 30 அன்று. மறுநாள், ஜூலை 1, அந்தக் கல்லூரி முறைப்படி வேறு கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. சிறிய தீவின் கடைசி நாளில், அதன் பெயரால் வாங்கிய கோப்பை.

2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது விடுமுறையில் ஊரில் இருந்தேன். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் ஒரே 19 புள்ளியில் முடித்தன. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. எப்படி? ஒவ்வொரு எதிரணியிடமும் எடுத்த புள்ளியை அந்த எதிரணியின் மொத்தப் புள்ளியால் பெருக்கிக் கூட்டும் சமநிலை முறிப்புக் கணக்கு. யாரோடு ஆடினீர்கள் என்ற அதே கேள்வி. எங்கள் வீட்டில் அதற்கு யாரும் கோபப்படவில்லை. சென்னையில் பிள்ளையைச் சதுரங்கப் போட்டிக்கு அழைத்துப்போகும் எந்த அம்மாவும், கடைசிச் சுற்று முடிந்ததும் புக்கோல்ஸ் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பை உண்டா என்று சொல்வார். பிள்ளை யாரிடம் தோற்றானோ, அவன் மீதி ஆட்டங்களை வெல்லவேண்டும் என்று வேண்டிக்கொள்வார். இணை சேர்ப்பு அவர் கையில் இல்லை. யாரோடு ஆடுவது என்பதை அந்தச் சுற்றின் கணக்கே முடிவு செய்கிறது. கல்லூரி பேஸ்பாலில் ஆட்ட அட்டவணையை நிரப்புகிறவரே தன் எதிராளியைத் தேடிப் பிடிக்கிறார். பெரிய அணியின் பயிற்சியாளர் தொலைபேசியை எடுக்காவிட்டால், சிறிய அணிக்குத் தன்னை நிரூபிக்க ஒரு செவ்வாய்க்கிழமைகூட இல்லை.